துணைக்கு ஒரு பொம்மை

சித்தியின் சூளை, பணம் வைத்துப் பூட்டும் இரும்புப் பெட்டியாகத்தான் பிறந்தது. திண்டுக்கல்லில் பேகம்பூருக்குப் பின்னால் இருந்த ஒரு பட்டறையில் அப்பா வேலை பார்த்தார். நகைக்கடைகளுக்கும் சங்கங்களுக்கும் அங்கே இரும்புப் பெட்டி செய்வார்கள். ஒரு பெட்டியின் கதவு ஒரு நூல் கோணலாக அமைந்துவிட்டதால், ஆர்டர் கொடுத்தவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். வருஷக்கணக்கில் மூலையில் துருப்பிடித்துக் கிடந்த அதை அப்பா கேட்டு வாங்கி, தள்ளுவண்டியில் வீட்டுக்குக் கொண்டுவந்து, கொல்லைப்புறத்துத் தகரக் கொட்டகையில் இறக்கினார். உள்ளே சுற்றிலும் சூடு தாங்கும் வெள்ளைச் செங்கல்லை அடுக்கி, அதில் காடி வெட்டிச் சுருள்கம்பியை ஓட்டிக் கரண்ட் கொடுத்தார். பூட்டைக் கழற்றிவிட்டார். சாவி போடும் துவாரத்தை மட்டும் அடைக்காமல் செங்கல்லுக்குள்ளும் நீட்டி வைத்தார். அதில் கண்ணை வைத்தால், உள்ளே சூடு எந்த நிறத்தில் இருக்கிறது என்று தெரியும். திருடன் வந்து கையை விட்டால் வெந்துதான் போவான் என்று வீட்டுக்கு வருகிற ஒவ்வொருவரிடமும் அப்பா சொல்லுவார். கேட்டுக் கேட்டு எங்களுக்குச் சலித்துவிட்டது. அவருக்கு மட்டும் ஒவ்வொரு முறையும் சிரிப்பு வரும்.

சித்தி என் அம்மாவின் தங்கை. தாடிக்கொம்பில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். சித்தப்பா தோட்டத்தில் மல்லிகையும் கனகாம்பரமும் போட்டிருந்தார். விடியற்காலையில் பூமூட்டையை டிவிஎஸ் 50-இல் கட்டிக்கொண்டு திண்டுக்கல் பூ மார்க்கெட்டுக்கு வருவார். கல்யாணமான புதிதில் சித்தி ஊருக்கு வெளியே இருந்த ஒரு பயிற்சி நிலையத்தில் ஆறு மாதம் பீங்கான் நகை செய்யக் கற்றுக்கொண்டாள். தாடிக்கொம்பில் கரண்ட் சரியாக இருக்காது என்பதால் சூளை எங்கள் வீட்டில் இருந்தது. வாரத்தில் இரண்டு நாள் பஸ்ஸில் வந்துவிடுவாள், இடுப்பில் பாப்பாவோடு.

எங்கள் சொந்தத்தில் நகை என்றால் தங்கம், அது முடியாதவர்களுக்குக் கவரிங். மண்ணைச் சுட்டுக் காதில் மாட்டுவதென்பது அவர்கள் கேள்விப்படாதது. கிளாஸ் உடைந்தால் அதையும் காதில் மாட்டிக்கொள்வாள் போலிருக்கிறது என்று பெரியம்மா ஒருத்தி கல்யாண வீட்டில் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள். சித்தி சிரித்துக்கொண்டே அந்தப் பெரியம்மாவின் காதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாம்படம் போட்டு இழுத்து, பிறகு தைத்த காது. அடுத்த மாதம் அந்தத் தையலின் வளைவு ஒரு தொங்கட்டானாக வந்துவிட்டது.

அவள் அப்படித்தான். முதலில் புளிய இலை, முருங்கைப்பூ, வெடித்த பருத்திக்காய், திராட்சைக்கொடி பிடிமானம் தேடி விடுகிற சுருள் என்று கண்ணில் பட்டதையெல்லாம் செய்தாள். பிறகு ஆட்களைப் பார்க்க ஆரம்பித்தாள். அம்மை குத்திய தழும்பு ஒரு கம்மலாயிற்று. ஒருநாள் அம்மாவை உட்காரவைத்து, தட்டையாகத் தேய்த்த ஈரமண்ணின் மேல் குதிகாலை அழுத்தச் சொன்னாள். வெடிப்பு அத்தனையும் மண்ணில் பதிந்தது. அதைத் துண்டு துண்டாக வெட்டிச் சுட்டு, கோடுகளில் நீலம் ஓடவிட்டு, ஒரு கழுத்தணி செய்தாள். அம்மாவுக்கு வெட்கம் தாங்கவில்லை.

“ஊர்ல உள்ளவளுக எல்லாம் என் பித்தவெடிப்பக் கழுத்துல போட்டுக்கிட்டுத் திரியணுமாக்கும்?”

ஆனால் அது விற்றுப்போன அன்று, வாங்கியது யார், எந்த ஊர், என்ன சேலை கட்டியிருந்தாள் என்று அம்மா இரண்டு தடவை கேட்டாள்.

சித்தியிடம் நான் கற்றுக்கொள்ளவெல்லாம் இல்லை. பத்து வயதில் எனக்கு எதிலும் பொறுமை கிடையாது. பார்த்துக்கொண்டு மட்டும் இருப்பேன். மண் நிழலில்தான் காய வேண்டும் என்பாள். நாலைந்து நாள் ஆகும். காய்ந்துவிட்டதா என்று பார்க்க அதை எடுத்துக் கன்னத்தில் ஒட்டிவைத்துக்கொள்வாள். கையில் தெரியாது, கன்னத்தில்தான் தெரியும். ஜில்லென்று இருந்தால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது. ஈரத்தோடு சூளைக்குள் போனால் உள்ளே இருக்கும் தண்ணீர் ஆவியாகி, வெளியே வர வழியில்லாமல் வெடித்துவிடும். ஒன்று வெடித்தால் பக்கத்தில் இருப்பதையும் சேர்த்து உடைத்துவிடும். இதையெல்லாம் யாராவது தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் நான் சொல்லியிருப்பேன். தெரியாமல் செய்தேன் என்று சொல்லிக்கொள்ள முடியாமல் போனது அதனால்தான்.

பாப்பாவுக்கு மூன்றரை வயது. நானே பெற்று வளர்த்தவள் போல அவளை அதட்டிக்கொண்டு திரிவேன். நான் எதைச் செய்தாலும் அவளும் செய்ய வேண்டும். கரண்ட் போனால் மட்டும் அவளுக்கு அம்மா வேண்டாம், நான்தான் வேண்டும். இருட்டில் தடவித் தடவி வந்து என் பாவாடையைக் கொத்தாகப் பிடித்துக்கொள்வாள். கரண்ட் வந்த பிறகும் செத்த நேரம் விடமாட்டாள். சித்தி வேலை செய்யும்போது அவள் சும்மா இருப்பதற்காக ஒரு உருண்டை மண் கொடுப்பாள். பாப்பா அதைத் தரையில் அறைந்து, விரலால் குத்திக் குத்தி, இட்லி என்பாள், யானை என்பாள். சாயங்காலம் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது சித்தி அந்த இட்லி, யானை எல்லாவற்றையும் ஒன்றாகப் பிசைந்து ஈரத்துணி போட்டு மூடிவிடுவாள். மண்ணை வீணாக்க முடியுமா?

மதுரையில் இரண்டு நாள் கைவினைக் கண்காட்சி. சித்திக்கென்று தனியாக ஒரு மேசை கொடுத்தார்கள். பாப்பாவைச் சித்தப்பாவிடம் விட்டுவிட்டுப் போனாள். முதல் நாள் சாயங்காலம் பாப்பாவுக்குக் காய்ச்சல். சித்தப்பா மாத்திரையைக் கரைத்துக் கொடுத்து, காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டார். விடிந்தபோது வலிப்பு வந்திருந்தது. திண்டுக்கல்லுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். எங்கள் யாரிடமும் அப்போது போன் இல்லை. அப்பா பஸ் ஏறி மதுரைக்குப் போய்க் கண்காட்சிக் கூட்டத்தில் தேடிச் சித்தியைக் கண்டுபிடிக்கும்போது மத்தியானம். அவர்கள் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

சித்தப்பா கத்தவில்லை. கத்தியிருந்தால் யாராவது சமாதானம் சொல்லியிருப்பார்கள். காரியமெல்லாம் முடிந்த பிறகு, “நீ மண்ணையே கட்டிக்கிட்டு இரு” என்று ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார். சித்தி ஒரு பையை எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தாள். ஒரு மாறுதலுக்காக வந்திருக்கிறாள் என்று அம்மா அக்கம்பக்கத்தில் சொன்னாள். மாறுதல் எட்டு மாதம் நீண்டது. அந்த எட்டு மாதமும் சித்தி மண்ணைத் தொடவில்லை. சூளைக்குள் எங்கள் வீட்டுப் பூனை குட்டி போட்டது.

பெரிய லீவு விட்டிருந்தது. கொட்டகையைச் சுத்தம் செய்கிறேன் என்று அம்மா மண்மூட்டையை இழுத்தாள். சுவருக்கும் மூட்டைக்கும் நடுவில் ஒரு சின்ன மண்வில்லை கிடந்தது. வட்ட பிஸ்கட் அளவுதான். காய்ந்து வெளுத்திருந்தது. அதில் மூன்று சின்ன விரல் பதிந்த குழி, கொஞ்சம் தள்ளிக் கட்டைவிரல் குழி ஒன்று. அந்தக் குழியின் ஓரத்தில் நகம் பட்ட கீற்றுக்கூடத் தெரிந்தது. பிசைந்து மூடாமல் தப்பிய ஒன்றே ஒன்று. அம்மா சித்தியைக் கூப்பிடவில்லை. முந்தானையில் ஏந்திக்கொண்டுபோய் அவள் முன்னால் உட்கார்ந்தாள். சித்தி அதைப் பார்த்தாள், பிறகு தன் ஆள்காட்டி விரலை அதன் மேல் கொண்டுபோனாள். தொடவில்லை. எட்டு மாதத்தில் அன்றுதான் அவள் வாய்விட்டு அழுதாள். எனக்குப் பயமாக இருந்தது.

ஒரு எவர்சில்வர் டப்பாவில் பஞ்சு வைத்து அதைப் படுக்கவைத்தாள். ஆனால் சுடாத மண் எத்தனை நாளைக்கு நிற்கும்? ஒவ்வொரு முறை திறந்து பார்க்கும்போதும் பஞ்சில் கொஞ்சம் வெள்ளைத் தூள் உதிர்ந்திருக்கும். ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டால் சேறாகிவிடும். சுட்டுவிட்டால் நிலைத்துவிடும். ஆனால் சுடும்போது விரிசல் விட்டால்? சித்தி டப்பாவைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள்.

அம்மா யாரிடமோ சொல்லி அனுப்ப, ஒரு திங்கட்கிழமை சித்தப்பா பூ மார்க்கெட்டிலிருந்து நேராக வந்தார். எட்டு மாதத்துக்குப் பிறகு எங்கள் வாசலில் அந்த வண்டி வந்து நின்றது. ஆள் பாதியாகிவிட்டிருந்தார். சித்தி டப்பாவைத் திறந்து காட்டினாள். அவர் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு சுண்டுவிரலை நீட்டி அந்தக் குழியில் வைத்துப் பார்த்தார். நுனிகூட நுழையவில்லை.

“சுட்டா நெலச்சிருமா?”

“கல்லு மாதிரி ஆயிரும். நூறு வருசம் ஆனாலும் அழியாது.”

“அப்பச் சுடு.” செருப்பை மாட்டிக்கொண்டு வாசல்வரை போனவர் திரும்பினார். “ஞாயித்துக்கெழம வாரேன். வந்து உங்க ரெண்டு பேரையும் கூட்டிட்டுப் போறேன்.”

அம்மா சமையலறைக்குள் போய் அழுதாள். சந்தோஷத்துக்கு அழுகிறாள் என்று அப்பா எனக்கு விளக்கம் சொன்னார். சித்தி இரண்டு நாள் உட்கார்ந்து, கோணி ஊசி நுனியைப் பூப்போலத் திருகித் திருகி, அந்த வில்லையின் மேல் ஓரத்தில் கயிறு கோக்க ஒரு ஓட்டை போட்டாள். ஊசி திரும்புகிற ஒவ்வொரு தடவையும் அவள் மூச்சை நிறுத்திக்கொள்வது எனக்குத் தெரியும். சூளையைத் துடைத்தாள். பூனைக்குட்டிகளைச் சாக்குக்கு மாற்றினோம். இந்த முறை வேறு எதையும் கூட வைக்கப்போவதில்லை என்று அம்மாவிடம் சொன்னாள். பக்கத்தில் ஒன்று இருந்தால்தானே ஆபத்து. இது தனியாகவே வேகட்டும்.

தனியாக என்ற அந்த வார்த்தை என்னைப் பிடித்துக்கொண்டது.

ரெண்டு பேரையும் கூட்டிட்டுப் போறேன் என்று சித்தப்பா சொன்னாரே, அதை நான் அப்படியே எடுத்துக்கொண்டேன். ஒன்று சித்தி. இன்னொன்று அந்த டப்பாவில் இருப்பது. அப்படியானால் அதுதான் பாப்பா. பாப்பாவை ஒரு இரும்புப் பெட்டிக்குள் வைத்துக் கதவைச் சாத்தப்போகிறார்கள். உள்ளே எவ்வளவு இருட்டு என்று சாவித் துவாரத்தில் கண் வைத்த எனக்குத் தெரியும். பிடித்துக்கொள்ள அங்கே யார் பாவாடை இருக்கிறது?

முழு உண்மையையும் சொல்லிவிடுகிறேன். நான் செய்த எதையும் சித்தி ஒருநாளும் சூளையில் வைத்ததில்லை என்ற குறையும் எனக்கு இருந்தது. இரண்டும் சேர்ந்துதான் என்னைக் கொட்டகைக்கு அனுப்பின.

வெள்ளிக்கிழமை காலையில் ஒரு பொம்மை செய்தேன். விரல் நீளம், அதற்கேற்ற பருமன். ஈர்க்குச்சியால் இரண்டு கண் குத்தினேன். எனக்கு இருப்பது போலவே ஒற்றைச்சடை பின்னிப் பின்னந்தலையில் ஒட்டினேன். பாவாடை மட்டும் பெரிதாக வைத்தேன், பாப்பா பிடித்துக்கொள்ளத் தோதாக. நிழலில் நாலைந்து நாள் காயவைக்க எனக்கு நாள் எங்கே இருக்கிறது? மொட்டைமாடிக்குக் கொண்டுபோய் அக்கினி நட்சத்திர வெயிலில் வைத்துவிட்டுக் காவலுக்கு உட்கார்ந்தேன். திண்டுக்கல் வெயிலைப் பற்றித் தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நாலு மணிக்குப் பொம்மை, வைத்த இடத்தில் மண்தடம் விட்டு, எலும்பு போல வெளுத்துவிட்டது. சித்தி செய்வது போலவே எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தேன். ஜில்லென்று இல்லை. சுட்டது.

வெயிலில் கிடந்தது சுடாமல் என்ன செய்யும் என்று எனக்கு உறைக்கவில்லை. மேல்தோல் மட்டும் காய்ந்து, வயிற்றுக்குள் அத்தனை ஈரத்தையும் வைத்துக்கொண்டு அது என் கன்னத்தில் வெதுவெதுப்பாக இருந்தது.

சாயங்காலம் சித்தி வில்லையைச் சூளைக்குள் வைத்துக் கதவைச் சாத்திவிட்டுக் குளிக்கப் போனாள். காலையில் சுவிட்சைப் போட்டால் போதும். நான் கைப்பிடியைத் திருப்பிக் கதவைத் திறந்தேன். நடுவில் தட்டுக்கல்லின் மேல் அது ஒண்டியாகப் படுத்திருந்தது. பொம்மையை அதன் பின்பக்கமாக, உள்ளே குனிந்து பார்த்தால்தான் தெரிகிற மாதிரி, தொட்டும் தொடாமலும் சாய்த்து வைத்தேன். பயப்படாதே என்று சொன்னேனா, நினைத்தேனா என்பது ஞாபகம் இல்லை. மண்தூள் ஒட்டிய கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு ஓடிவந்துவிட்டேன். அந்தப் பாவாடையைக் கழற்றிக் கொல்லைக் கதவின் ஆணியில் மாட்டினேன்.

சனிக்கிழமை ஆறு மணிக்குச் சித்தி சாமி கும்பிட்டுச் சுவிட்சைப் போட்டாள். கதவில் ஒரு விரல் அகலம் இடைவெளி விட்டு, கொஞ்சம் கொஞ்சமாகச் சூடேற்றினாள். அம்மா காபி கொண்டுவந்து கொடுத்தாள். எட்டரை மணி இருக்கும்.

டொப் என்று உள்ளே ஒரு சத்தம். அதைத் தொடர்ந்து, சில்லறை சிந்தியது போலக் கொஞ்சம்.

சித்தியின் கை கைப்பிடிக்குப் போய் அங்கேயே நின்றது. இரும்பு சூடாகும்போது அப்படித்தான் முறுக்கும், பட்டறையில் தினமும் கேட்கிறேன் என்று அப்பா சொன்னார். அவர் முகத்தைப் பார்த்தால் அவரே நம்பவில்லை என்று தெரிந்தது. திறந்து பார்த்துவிடேன் என்று அம்மா பதறினாள்.

“இப்பத் தெறந்தா காத்துப் பட்டு மிச்சமும் விரிசல் விட்டுரும்க்கா. ஆறுனாத்தேன் தெறக்கணும்.”

சூடேறிச் சிவக்கச் சாயங்காலம் ஆகும். அதன் பிறகு ஆற வேண்டும். துவாரத்தில் சூட்டின் நிறம் தெரியுமே தவிர, நாளைக் காலைவரை வேறு எதுவும் தெரியாது. சூடு பாதியில் நின்றுவிட்டால் எதுவுமே நிலைக்காது என்பதால் சுவிட்சை அணைக்கவும் முடியாது. உள்ளே எது உடைந்தது, எது பிழைத்தது என்று தெரியாமல் சித்தி அன்று முழுவதும் அந்தப் பெட்டியின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். சோறு வைத்த தட்டு வைத்த இடத்திலேயே இருந்தது. நான் மொட்டைமாடிக்கும் கொட்டகைக்கும் நடந்தேன். கன்னத்தில் சுட்டதே, சுட்டதே என்று எனக்குள் சொல்லிக்கொண்டே இருந்தேன். சாயங்காலம் சூளை சிவந்தபோது, பார்க்க வா என்று சித்தி கூப்பிட்டாள். வேறு நாளாக இருந்தால் அந்தத் துவாரத்துக்கு நான் அடித்துக்கொள்வேன். அன்று, வேண்டாம் சித்தி, கண் எரியுது என்றேன். அவள் திரும்பி என்னை ஒரு தடவை பார்த்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை அப்பா கறி வாங்கப் போயிருந்தார். மாப்பிள்ளை வருகிறாரே. அம்மா மசாலா அரைத்துக்கொண்டிருந்தாள். கொட்டகை வாசலில் நான் நின்றேன். சித்தி முதுகைக் காட்டிக் குந்தியிருந்ததால் உள்ளே இருந்தது எனக்குத் தெரியவில்லை. கதவைத் திறந்தாள். பிறகு பொறுக்கத் தொடங்கினாள். ஒவ்வொன்றாக, ஒரு முறத்தில். நடுவில் எதையோ எடுத்துப் பார்த்துவிட்டு இடுப்பில் செருகிக்கொண்டாள். அதை நான் பார்த்தேன். கைக்குட்டை என்று நினைத்தேன்.

எழுந்து வந்தாள். முறத்தில் வில்லையின் துண்டுகள். பதினைந்து இருபது இருக்கும். என் பொம்மையின் துண்டு ஒன்றுகூட அதில் இல்லை. சுக்குநூறாகித் தூளாகப் போய்விட்டது, தடயம் இல்லை என்று என் மனது கணக்குப் போட்டது. அந்த நேரத்திலும் அது அந்தக் கணக்கைத்தான் போட்டது.

சித்தி என்னைத் திட்டவில்லை. அவள் கேட்டது ஒன்றுதான்.

“வெள்ளிக்கெழம போட்டிருந்த பாவாட எங்க?”

ஆணியைக் காட்டினேன். எடுத்துக்கொண்டுபோய்க் குழாயடியில் உட்கார்ந்து சோப்புப் போட்டுத் துவைத்தாள். பிறகு ஒரு வாளித் தண்ணீரோடு மாடிக்குப் போனாள். கழுவிவிடுகிற சத்தம் கேட்டது. ஊருக்குக் கிளம்புவதற்கு முன்னால் அக்கா வீட்டு வேலைகளை முடித்துக் கொடுத்துவிட்டுப் போகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். இவ்வளவு பெரிய காரியம் கெட்டுப்போன காலையில் ஒருத்தி ஏன் என் பாவாடையைத் துவைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

பத்து மணிக்குச் சித்தப்பா வந்தார். வெள்ளை வேட்டி, சவரம் செய்த முகம். வழக்கமாகப் பூமூட்டை கட்டுகிற பின்சீட்டில் ஒரு போர்வையை நாலாக மடித்து, சித்தி உட்காருவதற்காகக் கயிறு போட்டுக் கட்டியிருந்தார். ஒரு கையில் வாழையிலையில் சுற்றிய மல்லிகைச்சரம். சட்டைப்பையிலிருந்து ஒரு கறுப்புக் கயிறு எட்டிப் பார்த்தது. வில்லையைக் கோத்துக்கொள்ள வாங்கியது.

சித்தி முறத்தைக் கொண்டுவந்து வைத்தாள். அவர் குனிந்து பார்த்தார். ஒரு துண்டை எடுத்தார், வைத்தார்.

“கரண்டுல ஏத்த எறக்கம் இருந்திருக்கும் தம்பி” என்றார் அப்பா.

“கரண்டெல்லாம் இல்ல மச்சான். என் தப்புதேன். ஈரம் இருந்துச்சு. நான் சரியாப் பாக்காம வச்சுட்டேன்.”

எட்டு மாதத்துக்கு மேலாக மூட்டைக்குப் பின்னால் காய்ந்து கிடந்த மண்ணில் ஈரம் எங்கிருந்து வரும் என்று அங்கே யாருக்கும் கேட்கத் தெரியவில்லை. தெரிந்தவள் அவள் ஒருத்திதான். தெரிந்த இன்னொருத்தி அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

சித்தப்பா முறத்தைவிட்டு நிமிர்ந்தார்.

“நீ பாத்திருக்கணும்ல? அன்னைக்கும் நீ பாக்கல. இன்னைக்கும் பாக்கல.”

மல்லிகைச்சரத்தை மேசையில் வைத்தார். பத்து மணி வெயிலில் வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்த் தெருமுனையில்தான் ஸ்டார்ட் செய்தார். மடித்துக் கட்டிய போர்வை அப்படியே இருந்தது. சித்தி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். கொடியில் என் பாவாடை சொட்டிக்கொண்டிருந்தது.

அவர் அதன் பிறகு வரவில்லை. வேறு கல்யாணமும் செய்துகொள்ளவில்லை. மார்க்கெட்டுக்கு எங்கள் தெரு வழியாகப் போகிறவர், சுற்றுவழியில் போகத் தொடங்கினார். மாத்திரை கொடுத்துவிட்டு விடியட்டும் என்று காத்திருந்த அந்த ராத்திரியைப் பற்றி அவர் யாரிடமும் பேசியதில்லை. அதைப் பேச முடியாததால்தான் இன்னொருவர் தப்பு அவருக்கு அவ்வளவு தேவைப்பட்டது என்று இப்போது நினைக்கிறேன். சித்தி இரண்டு வருஷம் கழித்து மறுபடியும் மண்ணைத் தொட்டாள். இப்போது மதுரையில் அவளுக்கு நாலு பேர் வேலை செய்கிற இடம் இருக்கிறது. அன்றைக்குச் சிரித்த பெரியம்மாவின் பேத்திகள் வரிசையில் நின்று வாங்குகிறார்கள். சித்தப்பா இறந்தபோது போய் ஓரமாக உட்கார்ந்திருந்துவிட்டு வந்தாள்.

போன வருஷம் அவள் வீடு மாறியபோது உதவிக்குப் போனேன். பீரோவின் அடித்தட்டைக் காலி செய்யும்போது அந்த எவர்சில்வர் டப்பா கையில் வந்தது. திறந்தேன். பஞ்சின் மேல் ஒரு துண்டு, கட்டைவிரல் குழியும் நகக்கீற்றும் உடையாமல் தங்கிய ஒரே துண்டு. அதை ஒட்டி ஒரு தலை. ஈர்க்குச்சியால் குத்திய இரண்டு கண், ஒற்றைச்சடை.

இருபது வருஷத்துக்கு மேலாக என்னைத் தவிர யாருக்கும் தெரியாது என்று நான் சுமந்துகொண்டு திரிந்தது அந்தப் பஞ்சில் படுத்திருந்தது. சித்தி அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தாள். என் கையில் இருப்பதைப் பார்த்தாள்.

“தனியாக் கெடக்க வேணாம்னுதான வச்ச? அதேன் நானும் சேத்தே வச்சுட்டேன்.”

அவ்வளவுதான் சொன்னாள். டப்பாவை வாங்கி மூடி, தன் கைப்பையில் வைத்துக்கொண்டாள். என்னால் மன்னிப்புக்கூடக் கேட்க முடியவில்லை. அன்றைக்கே, அந்தக் கொட்டகையில், பத்து வயதுப் பெண் ஒருத்தி இதை வாழ்நாள் முழுக்கத் தூக்கிக்கொண்டு அலையக்கூடாது என்று அவள் முடிவு செய்திருக்கிறாள். இந்தப் பிள்ளைதான் வைத்தது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், சித்தப்பா என்னை முறைத்துவிட்டு அவளைக் கூட்டிக்கொண்டு போயிருப்பார். அம்மா என் முதுகில் நாலு வைத்திருப்பாள். அதோடு முடிந்திருக்கும்.

அந்த ஞாயிற்றுக்கிழமையைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. சித்தப்பா போன பிறகு அம்மா அடுப்படியில் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். மாப்பிள்ளைக்கென்று வைத்த கறிக்குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. சித்திதான் எழுந்து இலை போட்டாள். நான் சப்பணமிட்டு உட்கார்ந்தேன். என் பாவாடை வெளியே வெயிலில் சுத்தமாகக் காய்ந்துகொண்டிருந்தது, யாருக்கும் என் மேல் சந்தேகம் இல்லை. நல்லி எலும்பு கேட்டேன், சித்தி தேடி எடுத்துப் போட்டாள். இரண்டாம் தடவையும் சோறு வாங்கிச் சாப்பிட்டேன். அவள் என் தலையைத் தடவிவிட்டுப் போனாள். இனிமேல் சித்தி தாடிக்கொம்புக்குப் போக மாட்டாள், நம் வீட்டிலேயே இருப்பாள் என்று எனக்கு ஒரே சந்தோஷமாக இருந்தது.